தலைக்கு எந்த ஜீன்? பழ ஈ முட்டைக்குள் ஓடும் வாய்க்கால்

காவேரிப்பட்டினத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். மரபியல் பாடம் தொடங்கிய இரண்டாம் நாளே யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "மிஸ், கண் நிறத்துக்கு ஜீன் இருக்கு, உயரத்துக்கு ஜீன் இருக்கு, அப்போ தலைக்கு எந்த ஜீன்?"

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்றால் "தாத்தா ஜீன் அப்படியே வந்திருக்கு" என்கிறோம். கோபக்காரன் என்றாலும் ஜீன்தான், முடி கொட்டினாலும் ஜீன்தான். உறுப்புக்கு ஒன்று, குணத்துக்கு ஒன்று என்று உள்ளே எண்ணி வைத்திருப்பதாகவே நினைத்துக்கொள்கிறோம். தலைக்கென்று தனியாக ஒரு ஜீன் கிடையாது. எந்த ஜீன், எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் தலை உருவாகிறது. இதை மிகத் தெளிவாகக் காட்டிக்கொடுத்தது ஒரு சின்ன ஈ. அதன் முட்டைக்குள் என்ன நடக்கிறது என்று நம் ஊர் வயல், வாய்க்காலை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், எந்த ஈ?

கிருஷ்ணகிரிப் பக்கம் "பழ ஈ" என்றால் மாந்தோப்புக்காரர்களுக்கு வயிறு எரியும். அவர்கள் சொல்வது வேறு ஈ. அது கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவில், உடம்பில் மஞ்சள் குறிகளோடு இருக்கும். நல்ல பழத்தையே துளைத்து உள்ளே முட்டை வைக்கும். அதைப் பிடிக்கத்தான் மரத்துக்கு மரம் பொறி தொங்கவிடுகிறோம்.

இந்தக் கட்டுரையில் வரும் ஈ அதுவல்ல. சீசனில் செந்தூராவோ பெங்களூராவோ நறுக்கிவிட்டுத் தோலை இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டால், புளித்த வாடைக்கு வந்து மொய்க்குமே, கொசுவைவிடக் குட்டியாக, சிவந்த கண்ணோடு ஒரு ஈ, அதுதான். பாடப்புத்தகத்தில் டுரோசோஃபிலா மெலனோகாஸ்டர். நல்ல பழத்தைத் தொடாது, புளித்ததைத்தான் தேடி வரும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக மரபியல்காரர்கள் வளர்த்துவரும் ஈ இதுதான்.

போன ஜூனில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மசித்த வாழைப்பழம் போட்டு, வாயைத் துணியால் கட்டி, பிள்ளைகளோடு சேர்ந்து வளர்த்தேன். மறுநாளே பழத்தின் மேல் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்தான். கைலென்ஸில் பார்த்தால் நீள்வட்டமாக, சின்ன அரிசி மாதிரி இருந்தன. ஒரு பக்க முனைக்கு அருகில் மட்டும் இரண்டு மெல்லிய இழைகள் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. முட்டை ஈரத்தில் புதைந்தாலும் மூச்சுக்காற்று கிடைக்க அந்த இழைகள் உதவுகின்றன. எனக்கு அவற்றில் வேறொரு சேதி இருந்தது. இழை இருக்கும் பக்கம்தான் தலை வரப்போகிற பக்கம். குஞ்சு உருவாகத் தொடங்கும் முன்பே எது முன், எது பின் என்று முட்டைக்குத் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது?

ஒரே விதை, வேறு வேறு விளைச்சல்

அதற்கு முன் இரண்டு சொற்கள். மரபணு, அதாவது ஜீன், என்பது டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் ஒரு பகுதி. ஒரு பொருளை எப்படிச் செய்வது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பொருள் ஒரு புரதம். உடம்புக்குள் வேலை செய்கிற ஆட்கள் புரதங்கள்தான்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஈயின் கண்ணில் உள்ள செல்லிலும் காலில் உள்ள செல்லிலும் அதே ஜீன்கள்தான் இருக்கின்றன, ஏறக்குறைய 14,000. கண் செல்லுக்குக் கண் ஜீன் மட்டும், கால் செல்லுக்குக் கால் ஜீன் மட்டும் என்று யாரும் பங்கு பிரித்துக் கொடுப்பதில்லை.

ஒரு ஊரில் எல்லார் வீட்டிலும் நெல், ராகி, நிலக்கடலை, கொள்ளு என எல்லா விதையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் எல்லா வயலிலும் எல்லாமும் விளைவதில்லை. இந்த வயலில் எந்த மூட்டையைப் பிரிப்பது என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. செல்லுக்குள் எடுக்கப்படும் அந்த முடிவுக்குப் பெயர்தான் மரபணு ஒழுங்குபடுத்தல்: எந்த ஜீனைப் படிப்பது, எதை மூடி வைப்பது, எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு.

இதுவரை வந்தது இவ்வளவுதான். விதை எல்லார் வீட்டிலும் ஒன்றே. வயலுக்கு வயல் பிரிக்கும் மூட்டைதான் வேறு. சரி, எந்த வயல் தன்னை எங்கே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது?

தலைமடையும் கடைமடையும்

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலிருந்து வாய்க்கால் வரும் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடையில் தண்ணீர் தாராளம். போகப் போகக் குறையும். கடைமடைக்கு ஈரம் வந்தாலே பெரிய விஷயம். தலைமடைக்காரர் நெல் நடுவார், நடுவில் இருப்பவர் ராகி போடுவார், கடைமடைக்காரர் கொள்ளு விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார். தன் வயல் வாய்க்காலில் எத்தனையாவது என்று யாரும் வரைபடம் வைத்துப் பார்ப்பதில்லை. மடையில் வரும் தண்ணீரின் அளவே சொல்லிவிடும்.

ஈ முட்டையிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. தாய் ஈயின் வயிற்றுக்குள் முட்டை உருவாகும்போது, அதை ஒட்டி 15 செவிலிச் செல்கள் அதற்கு ஊட்டம் கொடுக்கின்றன. ஊட்டத்தோடு சில தூதுவர் ஆர்.என்.ஏ.க்களையும் அனுப்புகின்றன. தூதுவர் ஆர்.என்.ஏ. என்றால் ஜீனில் உள்ள குறிப்பின் நகல். அந்த நகலைப் பார்த்துத்தான் புரதம் செய்யப்படும். அப்படி வருவதில் ஒன்று பைகாய்ட் என்ற ஜீனின் நகல். அது முட்டைக்குள் எங்கும் அலையாமல் முன்முனையிலேயே கட்டிப்போடப்படுகிறது.

முட்டை இட்ட பிறகு அந்த நகல்களிலிருந்து பைகாய்ட் புரதம் உருவாகத் தொடங்குகிறது. உருவாகும் இடம் முன்முனை. அங்கிருந்து பின்பக்கமாகப் பரவுகிறது. பரவும் வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தும் போகிறது. அதனால் முன்முனையில் அடர்த்தி, பின்னால் போகப் போகக் குறைவு. இப்படி ஒரு பொருளின் அளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகக் குறைவதைச் செறிவுச் சரிவு என்கிறோம். முட்டை நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தாண்டுவதற்குள் பைகாய்டின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிடுகிறது.

வாய்க்கால் உவமை ஓரிடத்தில் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுகிறது. பைகாய்டை எதுவும் இழுப்பதில்லை. அறை மூலையில் சாம்பிராணி போட்டால் மணம் பரவுமே, அந்த மாதிரிப் பரவல் அது.

இது இவ்வளவு சுலபமாக நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஈ முட்டையில் முதல் சில மணி நேரம் செல்களுக்கு நடுவில் சுவரே இல்லை. உட்கரு, அதாவது செல்லில் டி.என்.ஏ. இருக்கும் உருண்டை, மட்டும் 13 தடவை பிரிந்து பிரிந்து பல்லாயிரம் ஆகிறது. தொடக்கப் பிரிவுகளில் ஒன்றுக்கு ஒன்பது நிமிடம் கூட முழுசாக ஆகாது. ஏறக்குறைய 6,000 உட்கருக்கள் முட்டையின் ஓரத்தில் வரிசை கட்டி நின்ற பிறகுதான் நடுவே சுவர் எழும்புகிறது. அதற்குள் புரதங்கள் வரப்பில்லாத நிலம் மாதிரி இங்கும் அங்கும் போய்வரலாம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டியான் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் என்ற அம்மையாரும் எரிக் வீஷௌஸும் ஒரே மைக்ராஸ்கோப்பின் இரண்டு கண்குழாய்களில் எதிரெதிரே உட்கார்ந்து, ஜீன் கெட்டுப்போன ஈப் புழுக்களைப் பார்த்தபடி இருந்தார்கள். எந்த ஜீன் கெட்டால் உடம்பில் எந்தப் பகுதி காணாமல் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. முதல் பெரிய முடிவுகள் 1980இல் வெளிவந்தன. 1995இல் இருவருக்கும் எட்வர்ட் லூயிஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கரு உருவாவதைக் குலைக்கும் ஜீன்களை இப்படித் தேடியபோது தெரியவந்ததுதான் பைகாய்ட். பைகாய்ட் ஜீன் கெட்ட தாயின் முட்டையில் தலையும் மார்பும் வருவதில்லை. முன்முனையில் வால்பக்க உறுப்பு வருகிறது. இரண்டு முனையிலும் வால். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: கெட்டிருக்க வேண்டியது தாயின் ஜீன். அப்பாவிடமிருந்து நல்ல பைகாய்ட் வந்தாலும் குட்டிக்குத் தலை வராது, ஏனென்றால் நகலை முட்டையில் வைப்பவள் தாய். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

அதைவிட அழுத்தமான சான்று அடுத்தது. பைகாய்ட் நகலைத் தனியாகச் செய்து முட்டையின் நடுவில் ஊசி போட்டால், தலை உறுப்புகள் நடுவில் முளைக்கின்றன. மடையை எங்கே திறக்கிறோமோ அங்கே தலைமடை. தாய்க்குப் பைகாய்ட் ஜீன் பிரதி ஒன்று குறைந்தால் தலைப்பகுதியின் எல்லை முன்னே நகர்கிறது; கூடுதலானால் பின்னே நகர்கிறது. பைகாய்ட் புரதத்தின் அளவு இப்படிச் சரிந்துகொண்டே போவதைச் சாயம் ஏற்றி நேரில் காட்டியது 1988இல், வோல்ஃப்காங் ட்ரீவரும் நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட்டும்.

சுருக்கிச் சொன்னால், தலை எங்கே என்று முதலில் சொல்வது தாய் வைத்த ஒரு புரதத்தின் அளவு. ஆனால் அளவு மட்டும் தலையைச் செய்துவிடாது. அளவைப் படித்து முடிவெடுக்க ஒரு இடம் வேண்டும்.

மோட்டார் ஓட என்னென்ன வேண்டும்?

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்திருக்க வேண்டும். ஸ்டார்ட்டரில் பட்டனை அழுத்த வேண்டும். கிணற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். எல்லாம் இருந்தும் ஒரு ஃபேஸ் போய்விட்டால் ட்ரிப் ஆகி நின்றுவிடும். இதில் எந்த ஒன்றையும் "மோட்டாரை ஓட வைப்பது இதுதான்" என்று காட்ட முடியாது. எல்லாம் சேர்ந்து கூடும் இடம் ஸ்டார்ட்டர் பெட்டி.

ஜீனுக்கும் அப்படி ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி உண்டு. புரதக் குறிப்புக்கு வெளியே, டி.என்.ஏ.யிலேயே இருக்கும் ஒரு சின்ன நீட்டம் அது. அறிவியல் பெயர் மேம்படுத்தி. இங்கே சுவிட்ச் பகுதி என்றே சொல்கிறேன். அதில் சில புரதங்கள் வந்து உட்கார இடம் இருக்கிறது. ஓட வைக்கும் புரதங்கள் போதுமான அளவு உட்கார்ந்தால் ஜீன் படிக்கப்படும். நிறுத்தும் புரதம் வந்து உட்கார்ந்துவிட்டால் படிக்கப்படாது. பைகாய்ட் இப்படி உட்காரும் ஒரு புரதம்தான். அது தலையைச் செய்வதில்லை, மற்ற ஜீன்களின் பட்டனை அழுத்துகிறது.

ஹன்ச்பேக் என்ற ஜீனை எடுத்துக்கொள்வோம். அதன் சுவிட்ச் பகுதியில் பைகாய்ட் உட்காரப் பல இடங்கள் இருக்கின்றன. ஒன்று உட்கார்ந்தால் பக்கத்தில் அடுத்தது உட்காருவது எளிதாகிறது. அதனால் பைகாய்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும், ஹன்ச்பேக் முட்டையின் பாதி வரை முழுசாக ஓடி, பாதியில் சட்டென்று நின்றுவிடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் குறைகிறது. நெல்லுக்கும் ராகிக்கும் நடுவிலோ ஒரே ஒரு வரப்பு. முழுப் பாடத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மழுங்கலான ஒரு சேதியிலிருந்து கூர்மையான கோடு பிறக்கிறது.

தலைக்குள் வரப்பு போடுவது

ஈயின் தலை நமக்கு ஒற்றைக் குமிழாகத் தெரிகிறது. கருவில் அது பல துண்டுகளாகத் தொடங்குகிறது: கண் பகுதி, உணர்கொம்புப் பகுதி, அதற்குப் பின் ஒரு இடைத்துண்டு, அப்புறம் வாய் உறுப்புகளுக்கான மூன்று துண்டுகள். முன்முனையில் இன்னொரு துண்டைச் சேர்த்து எண்ணலாமா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் உண்டு.

முன்பக்கத் துண்டுகளை மூன்று ஜீன்கள் பங்கு போடுகின்றன: ஆர்த்தோடென்ட்டிகிள், எம்ப்டி ஸ்பிரக்கிள்ஸ், பட்டன்ஹெட். முதல் ஜீன் கெட்டால் கண் பகுதியும் உணர்கொம்புப் பகுதியும் போகும். இரண்டாவது கெட்டால் உணர்கொம்புப் பகுதியும் இடைத்துண்டும் போகும். மூன்றாவது கெட்டால் இவ்விரண்டோடு வாய் உறுப்பின் முதல் துண்டும் போகும். பாருங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துப் பங்கின் மேல் ஏறி நிற்கிறது. "இந்தத் துண்டுக்கு இந்த ஜீன்" என்று இங்கேகூடச் சொல்ல முடியவில்லை. எந்த இரண்டு, எந்த மூன்று சேர்ந்து ஓடுகின்றன என்பதே ஒரு துண்டின் அடையாளம்.

இந்த மூன்றையும் தட்டி எழுப்புவது பைகாய்ட்தான். அதிகப் பைகாய்ட் கிடைக்கும் இடத்தில் ஒன்று, குறைவான இடத்தில் இன்னொன்று என்று முன்பு ரொம்பச் சுத்தமாக விளக்கினார்கள். இப்போது அது மட்டும் போதாது என்று தெரிகிறது. பின்பக்கத்திலிருந்து தடுக்கும் புரதங்களும் எல்லை போடுகின்றன. முன்முனையின் நுனியில் டார்சோ என்ற தனிச் சைகை வேறு வேலை செய்கிறது. வாய்க்கால் தண்ணீர் மட்டும் பயிரை முடிவு செய்வதில்லை. பக்கத்து வயல் நெல்லின் ஊற்று கசிந்தால் நம் வயலில் நிலக்கடலை அழுகுமே, அதுவும் கணக்கில் சேரும். அந்தக் கணக்குதான் இங்கேயும்.

இத்தனையும் முடிய முட்டை இட்டு மூன்று மணி நேரம் போதும். 25 டிகிரி சூட்டில் ஒரு நாளில் புழு வெளியே வந்துவிடும்.

ஜீன் நல்லதுதான், இடம்தான் தப்பு

ஜீன் கெட்டால் உறுப்பு கெடும் என்பது எல்லாருக்கும் புரிகிறது. ஜீன் நன்றாக இருந்தும் உறுப்பு மாறலாம் என்பதுதான் புரியக் கடினம்.

ஆன்டெனபீடியா என்ற ஜீன் ஈயின் மார்பில் ஓடும் ஜீன். ஒரு சடுதி மாற்றத்தில், அதாவது டி.என்.ஏ.யில் ஏற்படும் மாறுதலில், அது தலையிலும் ஓடத் தொடங்குகிறது. அதன் புரதத்தில் பழுது ஒன்றும் இல்லை, ஓடக்கூடாத இடத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான். அந்த ஈயின் தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முழுக் கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். படத்தை முதலில் பார்த்த பிள்ளை ஒன்று புத்தகத்தையே மூடிவிட்டது.

இன்னொன்று இதற்கு நேர்மாறு. முன்பு சொன்ன ஆர்த்தோடென்ட்டிகிளுக்கு ஒரே ஒரு சுவிட்ச் பகுதி இல்லை, பல உண்டு. கருவில் ஓட ஒன்று, பின்னால் வளர்ந்து பெரிதான ஈயின் தலை உச்சியில் ஓட இன்னொன்று. உச்சிக்கான அந்த ஒழுங்குமுறை கெட்ட ஈக்கள் உயிரோடு, நல்ல தலையோடுதான் பிறக்கின்றன. ஆனால் இரண்டு பெரிய கண்களுக்கு நடுவே உச்சியில் இருக்க வேண்டிய மூன்று சின்னப் புள்ளிக் கண்கள் இருப்பதில்லை. ஒரே மோட்டார், இரண்டு தோட்டத்தில் இரண்டு ஸ்டார்ட்டர். ஒரு ஸ்டார்ட்டர் பழுதானால் அந்தத் தோட்டம் மட்டும்தான் காயும்.

"ஜீன் இருக்கு", "ஜீன் இல்லை" என்று பேசும்போது இந்த இரண்டு ஈக்களையும் நினைத்துக்கொண்டால் நல்லது. இருப்பதும் இல்லாததும் பாதிக் கதைகூட இல்லை.

புழுவுக்குத் தலை எங்கே, மிஸ்?

பாட்டிலில் புழு வந்தவுடன் பிள்ளைகள் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி. இவ்வளவு சொன்ன பிறகு லென்ஸில் பார்த்தால் புழுவின் முன்முனை வெறும் கூம்பு. கண் இல்லை, கொம்பு இல்லை. உள்ளே கறுப்பாக இரண்டு கொக்கிகள் மட்டும் முன்னும் பின்னும் இழுபடுவது தெரியும்.

கருவில் உருவான தலைத்துண்டுகள் காணாமல் போகவில்லை. கரு வளரும்போதே அவை சட்டைக் கையை உள்ளே மடிப்பது போல உடம்புக்குள் மடிந்து போய்விடுகின்றன. கறுப்புக் கொக்கிகள் அந்தத் தலையின் வாய். பெரிய ஈயின் கண்ணும் கொம்பும் வேறொரு ஏற்பாடு: புழுவின் உடம்புக்குள் சின்னப் பைகளாக மடிந்து வளர்ந்து, கூட்டுப்புழுப் பருவத்தில் விரிந்து தலையாகின்றன. நம் பாட்டிலில் பத்தாம் நாள் முதல் ஈ வெளியே வந்தது, சிவந்த கண்ணோடு.

மாங்கொட்டைக்குள் இன்னொரு தலை

பழம் வெளியே நன்றாக இருக்கும், கொட்டையை உடைத்தால் உள்ளே ஒரு வண்டு உட்கார்ந்திருக்கும். நம் பக்கத்தில் மாங்கொட்டை வண்டைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். அதற்கும் முட்டை உண்டு, முன் பின் உண்டு, தலை உண்டு. ஆனால் வண்டு இனங்களில் பைகாய்ட் ஜீனே இல்லை. கொசுக்களிலும் இல்லை. ஈக்களின் ஒரு கிளையில் மட்டும், பழைய ஜீன் ஒன்று இரட்டித்து மாறியதில், பிற்காலத்தில் வந்து சேர்ந்தது அது. மற்ற பூச்சிகள் வேறு வழியில் தலைப்பக்கத்தைக் குறிக்கின்றன.

ஆனால் ஆர்த்தோடென்ட்டிகிள் வண்டிலும் இருக்கிறது. அதன் உறவு ஜீன் எலியில் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது, பெயர் ஓ.டி.எக்ஸ். எலிக்கருவில் ஓ.டி.எக்ஸ்.2 ஜீனை நீக்கியபோது மூளையின் முன்பகுதியும் நடுப்பகுதியும் உருவாகவில்லை. ஆர்த்தோடென்ட்டிகிள் கெட்ட ஈக்கு மனித ஓ.டி.எக்ஸ். ஜீனைக் கொடுத்தபோது, தலையிலும் மூளையிலும் இருந்த குறை கணிசமாகச் சரியானது. அணை வேறு, வாய்க்கால் வேறு, தண்ணீர் வரும் வழி வேறு. தலைமடை வயலில் பிரிக்கும் மூட்டைகளில் ஒன்று மட்டும் ஈக்கும் வண்டுக்கும் எலிக்கும் நமக்கும் பொதுவாக இருந்துகொண்டே வருகிறது.